சேம்பர்லினா, ஹாலிஃபாக்ஸா: மாற்று வரலாறு எழுத எது தோது?

1940 மே. நார்வேயில் பிரிட்டன் படை அடிவாங்கியதில் பிரதமர் சேம்பர்லினின் நாற்காலி போனது. இதை வைத்துக் கதை எழுத நினைப்பவர்கள் தடுமாறும் இடம் இரண்டு: அவரே நீடித்திருந்தால்? சர்ச்சிலுக்குப் பதில் வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் வந்திருந்தால்?

நம்பும்படி இருக்குமா?
சேம்பர்லின்: கஷ்டம். நார்வே தோல்வி பற்றிய நாடாளுமன்ற வாக்கெடுப்பில் ஜெயித்தவர்தான், 281க்கு 200. ஆனால் 200க்கு மேல் இருந்த பெரும்பான்மை 81 ஆகச் சுருங்கிவிட்டது. அவருக்குக் கீழே கூட்டணி அரசில் சேர மாட்டோம் என்று எதிர்க்கட்சியான தொழிற்கட்சியும் கைவிரித்தது.
ஹாலிஃபாக்ஸ்: சுலபம். மே 9 அன்று அவர் சொன்ன 'வேண்டாம்' என்பதை 'சரி' என்று மாற்றினால் போதும். பிரதமர் பதவிப் பேச்சே தனக்கு வயிற்றுவலி கொடுத்ததாக டைரியில் எழுதிய மனிதர்! பிரதமர் மக்கள் சபையில் இருப்பதுதான் வழக்கம், இவரோ பிரபுக்கள் சபைக்காரர் என்ற சிக்கலுக்கு ஏதாவது வழி கண்டிருப்பார்கள்.

எவ்வளவு தூரம் ஓடும்?
சேம்பர்லின்: ஆறே மாதம். நவம்பர் 9இல் குடல் புற்றுநோயால் இறந்துவிட்டார்.
ஹாலிஃபாக்ஸ்: நிறைய. மே கடைசியில், பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையில் பிரிட்டன் படை ஜெர்மானியரிடம் சிக்கித் தவித்த நெருக்கடியின்போது, இத்தாலி மூலம் சமாதானத்துக்கு வழி பார்க்கலாம் என்று வாதாடியவர் அவர். அப்புறம் ஐரோப்பாவே வேறு.

ஒரு கிழவரின் பிடிவாதம் பற்றிய சிறுகதைக்கு சேம்பர்லின். நாவலுக்கு ஹாலிஃபாக்ஸ்தான்.