இலக்கு சொல்பவர்கள், ஃபீடர் பார்ப்பவர்கள்

எரிசக்திக் கொள்கையில் அரசுக்கு யோசனை சொல்லும் ஆய்வு அமைப்புகள் (திங்க் டேங்க்) மூன்று விதமாக வேலை பார்ப்பதைப் பார்க்கலாம். டெல்லியில் 2010 முதல் இயங்கும் சி.இ.இ.டபிள்யூ. (எரிசக்தி, சுற்றுச்சூழல், நீர் கவுன்சில்) நீண்டகால மாடல் கணக்குகளுக்குப் பேர்போனது. 2070-ல் நெட் ஜீரோ (வெளியிடும் கரிய வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாகும் நிலை) என்றால் இந்தியாவுக்கு 5,600 ஜிகாவாட்டுக்கு மேல் சோலார் தேவை என்று 2021-ல் சொன்னது. அந்த நவம்பரில்தான் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் 2070 என்று அறிவித்தார். இப்படி ஒரு கணக்கு இல்லாமல் இலக்கு வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். ஆனால் வட்டி விகிதமும் பேனல் விலையும் கொஞ்சம் நகர்ந்தால் விடையும் நகரும். துணைமின் நிலையத்தில் நடப்பது மாடலில் தெரியாது.

பெர்லினின் அகோரா எனர்கிவெண்டே (2012) எரிசக்தி அமைச்சகத்தை ஒட்டியே வேலை பார்ப்பது. முதல் இயக்குநர் ரைனர் பாகே, அவருக்குப் பின் வந்த பாட்ரிக் கிரைஹன் இருவருமே அங்கிருந்து அரசுச் செயலராகப் போனார்கள். யோசனை சட்டமாகும் வேகம் அபாரம். ஆனால் ஜெர்மன் எரிசக்தி முகமைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்த குழுவில் கிரைஹன் இருந்தார். தேர்வானவர் அவருடைய கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். விஷயம் வெளியே வந்து, 2023 மே மாதம் கிரைஹனின் பதவி போனது. அவருடைய அமைச்சகம் கொண்டுவந்த வீட்டு ஹீட்டிங் சட்டத்தை எதிர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது.

நம் மாநிலங்களுக்கு அதிகம் பயன்படுவது புனேயின் பிரயாஸ் வழி என்பேன். 1990-களில் அமெரிக்க நிறுவனமான என்ரானின் தாபோல் மின் நிலைய ஒப்பந்தத்தைப் பிரித்து மேய்ந்த குழு அது. அவர்கள் வலியுறுத்திய சோலார் ஃபீடரைப் பாருங்கள் (ஃபீடர் என்பது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் விநியோக லைன்): கிணற்றுக்குக் கிணறு சோலார் பம்ப் வைக்காமல், 33/11 கிலோவோல்ட் துணைமின் நிலையம் அருகே 1–2 மெகாவாட் ஆலை வைத்து, விவசாய ஃபீடருக்குப் பகலில் மின்சாரம் தருவது. பழைய மோட்டாரே ஓடும். பாசனம் இல்லாத மாதங்களில் தனி பம்பின் பேனல் சும்மா கிடக்கும். இங்கே மிச்சம் கிரிட்டுக்குப் போகும். மகாராஷ்டிரா 2017-ல் திட்டமாக்கியது, மத்திய அரசின் விவசாய சோலார் திட்டமான பி.எம். குசுமில் 2020 கடைசியில் சேர்ந்தது. சறுக்கும் இடங்களும் உண்டு. வீட்டு இணைப்புகளிலிருந்து ஃபீடரைப் பிரிக்காவிட்டால் கணக்கே நிற்காது. மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் பக்கத்திலேயே கிடைக்காவிட்டால் லைன் செலவு ஏறும். மின் வாரியம் ஆலைக்குத் தர வேண்டிய பில்லை இழுத்தடித்தால் அடுத்த டெண்டரில் யூனிட் விலை ஏறும்.

சென்னையில் இதே பாணியில் மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வாதிடுவது சி.ஏ.ஜி. (தணிக்கை அதிகாரி அல்ல, 1985-ல் தொடங்கிய நுகர்வோர் அமைப்பு). 2003 மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவுப்படி, கட்டண மனு மீதான ஆட்சேபங்களைப் பரிசீலித்து ஆணையம் 120 நாளில் முடிவெடுக்க வேண்டும். ‘சோலாரை ஊக்குவியுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், உத்தரவில் ஒரு வரி பதிலோடு முடிந்துவிடும். விதி எண், மாற்று வாசகம், வாரியத்தின் மனுவிலிருந்தே எடுத்த எண்கள் மூன்றையும் வைத்தால், தள்ளுவதற்கும் காரணம் எழுத வேண்டிவரும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.