தேர்தல் செய்திச் செயலி: 5-க்கு 2 நட்சத்திரம்

தேர்தலுக்காகவே இந்தச் செயலிக்குச் சந்தா கட்டினேன். வேகம் நன்றாக இருக்கிறது, விளம்பரத் தொல்லை இல்லை. சரி, அதெல்லாம் இருக்கட்டும். இதில் வரும் பேட்டிகளில் ஆண் வேட்பாளரிடம் வரி, வேலைவாய்ப்பு, கூட்டணி பற்றிக் கேட்கிறார்கள். அதே தொகுதியில் நிற்கும் பெண்ணிடம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், கணவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, போதாததற்கு அவர் உடுத்தியிருந்த நிறத்தைத் தலைப்பிலேயே போடுகிறார்கள். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது.

இது இந்தச் செயலியோடு தொடங்கிய நோய் இல்லைதான். 2017-ல் ஜசிந்தா ஆர்டெர்ன் நியூசிலாந்து தொழிற்கட்சியின் தலைவரான சில மணி நேரத்திலேயே, குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். அதே ஆண்டு பிரெக்ஸிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகும் நேரத்தில், அன்றைய பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனும் சந்தித்துப் பேசியபோது, பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்று இருவரின் கால்களை ஒப்பிட்டு முதல் பக்கத்தில் போட்டது. ஒரு நாட்டின் பிரதமர், ஸ்காட்லாந்தின் முதலமைச்சர், அவர்களுக்கே இந்த நிலை என்றால் முதல்முறை நிற்கும் பெண்ணை எப்படி நடத்துவார்கள்?

புகார் எழுதினேன், தானியங்கி நன்றி மட்டும் வந்தது. இதில் உருப்படியானது கொள்கை ஒப்பீட்டுப் பக்கம். அங்கே எல்லா வேட்பாளருக்கும் ஒரே கேள்விகள். அந்த முறையைப் பேட்டிகளுக்கும் கொண்டுவரும் வரை நான் சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை.