அம்மாவின் கண்ணுக்கு மலை முகாமா, சேலத்து மருத்துவமனையா?

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வீடு ஏற்காட்டில் நாகலூர் பக்கம். வருடத்துக்கு ஒரு தடவை விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் வீட்டில் இப்போது இரண்டு பேச்சு இல்லை. எங்கே பார்ப்பது என்பதில்தான் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. அவர் சேலத்துக் கண் மருத்துவமனை என்பார், நான் ஊருக்கு வரும் முகாம் என்பேன். இரண்டுக்கும் அம்மாவைக் கூட்டிப்போனவள் நான்.

பரிசோதனையைப் பொறுத்தவரை சேலம்தான் மேல். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, டாக்டரே ஓரம் வரை பார்க்கிறார். முகாமில் கேமராவில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்புகிறார்கள். செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. முகாம் இலவசம், மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்குப் போனாலும் இலவசம்தான்.

நான் முகாம் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றுதான்: அடுத்த வருடமும் அம்மா வருவாரா?

முதல் தடவை சேலத்தில் பார்த்தோம். விடியற்காலை பஸ், வரிசை, சொட்டு மருந்து, மறுபடி வரிசை. வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. திரும்பும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வந்தார். ஒரு நாள் கூலியும் போனது. கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள், சந்தோஷம். அடுத்த வருடம் கூப்பிட்டபோது, "எனக்குத்தான் எல்லாம் நல்லாத் தெரியுதே கண்ணு" என்று சொல்லிவிட்டார். அப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

சர்க்கரையால் விழித்திரை கெடும் இந்த நோயில் பயமே அந்த 'நல்லாத் தெரியுது'தான். விழித்திரையின் ரத்தக்குழாய் கசியத் தொடங்கியும் பார்வை தெளிவாகவே இருக்கலாம். மங்கும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். லேசரும் கண்ணில் போடும் ஊசியும் இருக்கிற பார்வையைக் காப்பாற்றத்தான் அதிகம் உதவும், போனதை முழுக்க மீட்டுத் தராது. அதனால் நான்கு வருடத்துக்கு ஒரு முறை செய்யும் மிக நல்ல பரிசோதனையைவிட, வருடம் தவறாத சுமாரான பரிசோதனை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

முகாமுக்கு அம்மா தானாகவே கிளம்புகிறார். தெருவே போகிறது, அவருக்கு அது போதும். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்காவும் முந்தின நாளே சொல்லிவிடுகிறார். படம் எடுக்கும் முன் ஒரு நர்ஸ் பெரிய விழித்திரைப் படம் ஒன்றைக் காட்டிப் பேசினார். ஆரஞ்சு நிறத்தில் வட்டமாக இருந்தது, அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். "மிளகாய்ப்பொடி தூவின மாதிரி இருக்கே" என்றார் அம்மா. "அதுதாம்மா கசிவு. இவருக்கும் பார்வை நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் நர்ஸ். நான் மூன்று வருடம் சொல்லியும் ஏறாதது அந்த ஒரு படத்தில் ஏறிவிட்டது. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பதும் விழித்திரை பார்ப்பதும் வேறு வேறு என்பதும் அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

முகாமில் குறை இல்லாமல் இல்லை. இந்த வருடம் அம்மாவின் இடது கண் படம் மங்கலாக வந்தது. கண்புரை தொடங்கியிருக்கலாம், சேலத்தில் காட்டுங்கள் என்று சீட்டு கொடுத்தார்கள். வயதானவர்களுக்கு இப்படி ஆவது சகஜம். சீட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டால் முகாமுக்குப் போனதே வீண். எங்கள் தெருவிலேயே அப்படி வைத்தவர்கள் உண்டு. அப்புறம், கண் முன் திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தது போலத் தெரிந்தாலோ முகாமுக்குக் காத்திருக்கவே கூடாது, அன்றே சேலத்துக்கு இறங்கிவிட வேண்டும். சர்க்கரையுள்ள கர்ப்பிணிகளும் நேராக டாக்டரிடம் போவதே சரி.

சேலத்திலேயே அஸ்தம்பட்டியிலோ ஐந்து ரோட்டிலோ வீடு இருந்தால் நானே மருத்துவமனையைத்தான் சொல்லியிருப்பேன். லேசர் வரை அம்மாவுக்குப் போகவில்லை, அதனால் அந்தக் கட்டத்தில் எது வசதி என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. முகாமையும் இரண்டு வருடமாகத்தான் பார்க்கிறேன்.

வரும் திங்கட்கிழமை இடது கண்ணுக்காக அண்ணன் லீவு போட்டு அம்மாவைக் கூட்டிப்போகிறார். சீட்டு அம்மாவின் சுருக்குப் பையில் இருக்கிறது. முகாம் நடந்த தேதியை அம்மாவே காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், அடுத்த வருடக் கணக்குக்கு.