ஸ்கோப் குமிழ் மாற்றக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: திறந்து பார்த்தபோது தெரிந்தவை

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரத்தில் குறைந்த விலை மேசை ஆசிலோஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி, சுருக்கமாக ஸ்கோப்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். ரெண்டு மூணு வருஷத்தில் குமிழ் வழுக்கும், அளவை ஏற்றினால் இறங்கும், இறக்கினால் குதிக்கும். அதற்காக இந்த வட்டாரத்துக் கடை ஒன்றில் கொடுத்த நான்கு சேனல் ஸ்கோப்புக்கு, "எல்லா என்கோடரும் ஒரிஜினல் போட்டு, மெட்டல் நாப் மாட்டித் தர்றோம்" என்று சொல்லி 2,800 ரூபாய் வாங்கினார்கள். என்கோடர் என்பது குமிழுக்கு அடியில் இருந்து, திருப்புவதைப் பல்ஸாக மாற்றித் தரும் பாகம்; நாப் என்பது குமிழ். பில்லில் "நாப் சர்வீஸ்" என்று மட்டும்தான் இருக்கிறது. பார்ட் நம்பர் இல்லை, கழற்றிய பழைய பாகங்களும் திரும்பி வரவில்லை.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கொடுத்த த்ரீ பின் பவர் கார்டுக்குப் பதிலாக எர்த் பின் வெட்டிய கார்டு வந்தது. எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை) ஒன்றின் மெயின்ஸ் பக்கத்தைச் சோதிக்க எர்த்தை வெட்டும் பழக்கம் நிறைய பெஞ்சுகளில் இருக்கிறது. அது எப்போதுமே தப்பு, மெட்டல் குமிழோடு சேர்ந்தால் கொலைகாரத்தனம். என்கோடரின் உலோகத் தண்டும் அதன் பக்கக் கால்களும் பெரும்பாலும் போர்டு கிரவுண்டோடு சேர்ந்தவை. அதே கிரவுண்டுதான் பிஎன்சி (கேபிள் மாட்டும் வட்ட சாக்கெட்) வெளிவளையமும் புரோபின் (அளக்க மாட்டும் கம்பி) கிளிப்பும். எர்த் இல்லாத ஸ்கோப்பின் கிளிப்பை பம்ப்செட் ஸ்டார்ட்டரிலோ எல்இடி டிரைவரிலோ லைன் பக்கம் மாட்டினால், விரல் வைக்கும் ஒவ்வொரு குமிழிலும் 230 வோல்ட் நிற்கும். கிளிப் மாட்டாவிட்டாலும் பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர் வழியாகக் கசிவு வந்து கையில் சுரீர் என்று இழுக்கும். கம்பெனி பிளாஸ்டிக் குமிழ் போட்டிருப்பது இந்த இடத்தில் ஒரு பாதுகாப்பு. அதை எடுத்துவிட்டு கிரப் ஸ்க்ரூ (தண்டோடு இறுக்கும் தலையில்லாத சிறு திருகு) வைத்த அலுமினியக் குமிழ் போடுவதில் அழகைத் தவிர வேறு லாபம் இல்லை.

அடுத்தது என்கோடர். இஞ்ச் டேப்பால் அளந்து "6 எம்எம் தண்டு, அஞ்சு கால், சரியா உக்காருது" என்று போட்டுவிடுகிறார்கள். உட்கார்ந்தால் மட்டும் போதாது. ஒரே உடம்பில் ஒரு சுற்றுக்கு 20 கிளிக், 20 பல்ஸ் தருவதும் இருக்கிறது. 30 கிளிக், 15 பல்ஸ் தருவதும் இருக்கிறது. இந்த ஸ்கோப்பில் இருந்தது இரண்டாவது வகை, அதாவது ரெண்டு கிளிக்குக்கு ஒரு பல்ஸ். கடை போட்டது முதல் வகை. விளைவு, ஒரு கிளிக்குக்கு ரெண்டு படி தாவுகிறது. 200 மில்லிவோல்ட்டிலிருந்து ஒரு கிளிக் திருப்பினால் 1 வோல்ட். நடுவில் இருக்கும் 500 மில்லிவோல்ட்டில் நிறுத்த, குமிழை ரெண்டு கிளிக்குக்கு நடுவே விரலால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கடையில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் காட்டி குமிழை விறுவிறுவென்று திருப்பிக் காட்டியபோது இது தெரியாமல் போனதற்குக் காரணம் அந்த வேகம்தான்.

ரெண்டு இடத்தில் அழுத்தும் சுவிட்ச் இல்லாத மலிவு என்கோடர். பொசிஷன் குமிழை அழுத்தினால் கோடு பூஜ்யத்துக்கு வருவது நின்றுபோயிற்று. சுவிட்ச் இருக்கும் இடங்களிலும் பாதி வேலை செய்யவில்லை. மெட்டல் குமிழைப் பேனலோடு ஒட்ட மாட்டியிருக்கிறார்கள். அந்த சுவிட்சின் ஓட்டம் சுமார் அரை மில்லிமீட்டர்தான் என்றாலும், குமிழின் அடிக்கும் பேனலுக்கும் 1 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டால்தான் தட்டாமல் அழுந்தும்.

முன்பேனல் போர்டைத் திருப்பிப் பார்த்தால்தான் முழு லட்சணமும் தெரிகிறது. டைம்பேஸ் (நேர அளவை மாற்றும்) என்கோடரின் நடுக்காலில் பேட் (காலைச் சால்டர் செய்யும் செம்புப் பரப்பு) பிய்ந்து போயிருக்கிறது. அங்கிருந்து மோட்டார் காயில் கம்பி ஒன்று, எனாமலைச் சரியாகச் சுரண்டாமல், பக்கத்து கிரவுண்டுக்கு இழுக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்குப் போடும் பசை) துடைக்காமல் காய்ந்து கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்த ஃபிளக்ஸ் தண்ணீரை இழுத்துக் கசிவுப் பாதை ஆகும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கத்து உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். இதைவிட மோசம், என்கோடரின் இரு பக்கமும் இருக்கும் ரெண்டு உலோகக் கால்கள் ஓட்டைக்குப் பொருந்தாததால் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. குமிழைத் திருப்பும் முறுக்கு முழுவதையும் தாங்க வேண்டியவை அந்த ரெண்டும்தான். அவை இல்லாவிட்டால் மெல்லிய சிக்னல் கால்கள் ஒவ்வொரு திருப்பலிலும் ஆடி, சால்டர் வளையம் விட்டுப்போகும்.

மாற்றவே மாற்றாமல் எண்ணெய் ஸ்ப்ரே அடித்துவிட்ட குமிழ்களும் உண்டு. அவற்றுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். எண்ணெய் உள்ளே போய்த் தூசியைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் பழைய தாவல் திரும்ப வரும். சுத்தம் செய்வதென்றால் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு தண்டோரமாக விட்டு, முப்பது நாற்பது முறை இரு பக்கமும் திருப்பி, நன்றாகக் காயவிட வேண்டும். பாதி ஸ்கோப்புகளுக்கு இதுவே போதும்.

வழுக்கல் மட்டும்தான் பிரச்சினை என்றால் போர்டைத் தொடவே வேண்டாம். குமிழின் அடியில் துணி நாடாவைக் கொடுத்து நேராக மேலே இழுங்கள், கழன்று வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பேனல் கீறும். குமிழின் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிச் சுருக்கினால் பிடி கிடைத்துவிடும். 3டி பிரிண்டில் பெரிய குமிழ் செய்வதானால் பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம், 60 டிகிரியிலேயே இளகும். தகரக் கொட்டகையிலும் வெயிலில் நிற்கும் காரிலும் கோணிப்போகும். பிஇடிஜி பிளாஸ்டிக் எடுத்துக்கொள்ளுங்கள். டி வடிவத் தண்டு 6 மில்லிமீட்டர், தட்டைப் பக்கம் 4.5 என்றால், ஓட்டையை 6.1க்கு 4.6 வைத்து ஒரு பக்கம் பிளவு விட்டால் இறுக்கமாக உட்காரும்.

என்கோடரே போய்விட்டதென்றால், வாங்குமுன் பழையதில் ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று எண்ணுங்கள். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, நடுக்காலுக்கும் ஓரக்காலுக்கும் இடையே அதே சுற்றில் எத்தனை பீப் என்று பாருங்கள். கிளிக்கும் பீப்பும் சமமா, பீப் பாதியா என்பதில் வகை தெரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கியபின் மூடியைத் திறக்கக் கொஞ்ச நேரம் விடுங்கள், உள்ளே பெரிய கபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். பழைய என்கோடரை முழுசாக எடுக்க முயன்றால் ஓட்டைக்குள் இருக்கும் செம்புப் பூச்சும் கூடவே வரும். உடம்பைக் கட்டரால் நறுக்கிவிட்டு, 63/37 ஈயச் சால்டர் கொஞ்சம் சேர்த்து, 350 டிகிரியில் ஒவ்வொரு காலாக இழுப்பதே பத்திரம். மாற்றியபின் திசை தலைகீழாக இருந்தால் ரெண்டு ஓரக்கால் சிக்னலும் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

கடையிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு குமிழையும் மெதுவாக, 1, 2, 5 வரிசையில் எந்தப் படியும் விடாமல் ஏற்றி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள். கார்டை ஸ்கோப்பில் மட்டும் செருகி, பிளக்கின் எர்த் பின்னுக்கும் பிஎன்சி வெளிவளையத்துக்கும் மீட்டர் வைத்தால் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். பில்லில் எத்தனை என்கோடர், என்ன பார்ட் நம்பர் என்று எழுதி வாங்குங்கள், பழையதையும் கேட்டு வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். ஆனால் "நாப் சர்வீஸ்" என்ற ஒற்றை வரி பில்லை வைத்துக்கொண்டு எதை மாற்றவில்லை என்று காட்டுவது கஷ்டம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.