கயாக்குக்கு ‘சோலாஸ்’ எமர்ஜென்சி லைட் என்று விற்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்

ஆரஞ்சு நிற உடம்பு, மஞ்சள் மூடி, பக்கவாட்டில் இரண்டு பித்தளைப் பொட்டு, பின்னால் ஒரு கிளிப். விளம்பரப் படத்தில் பனிமலைக்குக் கீழே ஓர் ஏரி, அதில் ஒருவர் சிரித்துக்கொண்டே துடுப்பு போடுவார். ‘சோலாஸ் அப்ரூவ்டு, ஐபிஎக்ஸ் 8, தண்ணீர் பட்டதும் தானாக எரியும், 72 மணி நேரம் தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். (சோலாஸ் என்பது கடல் பாதுகாப்பு உடன்படிக்கை, ஐபிஎக்ஸ் என்பது ஒரு பொருள் எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்று சொல்லும் எண். இரண்டையும் கீழே விளக்குகிறேன்.) விலை 1,499 ரூபாயை அடித்துவிட்டு 899 என்று போட்டிருப்பார்கள். இது உங்கள் கண்ணில் பட்டால் அப்படியே தாண்டிப் போய்விடுங்கள். எனக்கும் நண்பனுக்குமாக இரண்டு வாங்கினேன். இரண்டுமே கடலில் கை கொடுக்கவில்லை.

சென்னையை அடுத்த கோவளத்தில் விடிவதற்கு முன்பே கயாக் என்னும் சின்னத் துடுப்புப் படகில் கடலில் இறங்கி, சூரியன் எழும்போது வெளியே மிதந்துகொண்டிருப்பது எங்கள் வழக்கம். பிப்ரவரி மாதம், கடல் அடங்கிக் கிடக்கும் காலம். நல்ல இருட்டு. வெளியே போய்க்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய அலை மடிப்பு நண்பனின் கயாக்கைப் புரட்டிவிட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான், நீச்சலும் தெரியும், அதனால் அவன் மூழ்கிவிடுவான் என்ற பயம் எனக்கு இல்லை. பயம் வேறு. அந்த நேரத்தில்தான் மீனவர்களின் ஃபைபர் போட்டுகள் கரைக்கும் கடலுக்குமாகப் போய் வரும். அவுட்போர்டு இன்ஜின் ஓடும் படகை ஓட்டுபவருக்குத் தண்ணீரில் ஒரு தலை தெரிய வாய்ப்பே இல்லை. கயாக்கே தெரியாது, அவ்வளவு தாழ்வாக இருக்கும்.

அவன் தோளில் மாட்டியிருந்த லைட் தண்ணீர் பட்டதும் தானாக எரிய வேண்டும். எரியவில்லை. ஸ்விட்சை அழுத்தினான். ஏதோ மின்மினி மாதிரி கொஞ்சம் துடித்துவிட்டு அணைந்தது. என்னுடையதைப் போட்டேன், எரிந்தது. ஆனால் மூடிக்குள் ஆவி படிந்து வெளிச்சம் மங்கலாகத்தான் வந்தது, அதுவும் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. அவன் என்னிடமிருந்து இரண்டு மூன்று படகு நீளத் தூரத்தில்தான் இருந்தான். விசில் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. அப்போது தெற்கே இன்ஜின் சத்தம்.

என் ஜாக்கெட் பையில் எப்போதும் ஒரு டைவிங் டார்ச் கிடக்கும். சாதாரண வெள்ளை வெளிச்சம், மின்னுவது, சுழல்வது என்று எந்த வேடிக்கையும் அதில் கிடையாது. அதை எடுத்து முதலில் சத்தம் வந்த பக்கம் காட்டினேன், பிறகு நண்பன் இருந்த இடத்தில் தண்ணீர் மேல் அடித்தேன், மறுபடி படகின் பக்கம். சத்தம் குறைந்தது. பக்கத்தில் வந்து நிறுத்திய அண்ணன் முதலில் கேட்டது: “இன்னா தம்பி, லைட்டு கூட இல்லாம இங்க இன்னா பண்றீங்க? கட்டை மெதக்குதுன்னு நெனச்சேன்.” லைட் இருக்கிறது அண்ணா, எரியத்தான் மாட்டேன் என்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் நண்பன் ஏறி உட்காரும்வரை தன் படகை எங்களுக்கு அணைவாக நிறுத்திவைத்திருந்தார்.

அந்த வாரமே இரண்டு லைட்டையும் எடுத்துக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். எல்இடி, பேட்டரி விற்கிற ஒரு சின்னக் கடை. கடைக்காரர் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளே ஒரு ஸ்பூன் அளவு உப்புத் தண்ணீர். ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. தண்ணீர் புகாமல் இருக்கப் போட்டிருந்த ஓ ரிங் ஊறுகாய் பாட்டில் மூடியில் இருக்கும் ரப்பர் மாதிரி தட்டையாக, ஒரு பக்கம் பிதுங்கிக் கிடந்தது. கிரீஸ் என்ற பேச்சே இல்லை.

பிறகு அந்த இரண்டு பித்தளைப் பொட்டு. தண்ணீர் பட்டதும் எரியும் விளக்குகளில் இரண்டு உலோக முனைகள் வெளியே தெரியும். அவற்றுக்கு இடையில் தண்ணீர் வந்தால் மின்சாரம் கசியும், உள்ளே இருக்கும் சர்க்யூட் அதைப் பிடித்து விளக்கை எரியவைக்கும். கடைக்காரர் பிளேடால் பிளாஸ்டிக்கை நெம்பி எனக்குக் காட்டினார். பொட்டுக்குப் பின்னால் ஒயரே இல்லை! வெறுமனே பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். “இது சைக்கிள் டெயில் லைட் போர்டு சார், டப்பாதான் புதுசு” என்றார்.

இன்னொரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் வந்ததும் இதை வாளித் தண்ணீரில் போட்டுத்தான் பார்த்தேன். தானாக எரியவில்லை. கூட வந்த தாளில் ‘கடல் நீரில் மட்டுமே தானாக இயங்கும்’ என்று ஒரு வரி இருந்தது. ஸ்விட்சைப் போட்டதும் நன்றாக எரிந்ததால் அந்த வரியும் சரி என்றே பட்டது. இப்போது யோசித்தால் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய வரி அது. ஒழுங்கான சென்சார் விளக்குக்குப் பொதுவாகக் குழாய்த் தண்ணீரே போதும்.

பேட்டரி தனிக் கதை. 18650 வகை லித்தியம் செல், மேலே ‘9900 எம்ஏஎச்’ என்று அச்சடித்திருந்தார்கள். எம்ஏஎச் என்பது பேட்டரியின் கொள்ளளவு. அந்த அளவு செல்லில் உலகத்தின் நல்ல கம்பெனிகள் தருவதே சுமார் 3500 எம்ஏஎச்தான். 9900 என்று பார்த்தாலே பொய் என்று முடிவு கட்டிவிடலாம், டெஸ்ட் எதுவும் தேவையில்லை. நல்ல செல் 45 கிராம் பக்கம் எடை இருக்கும். இதைக் கையில் வாங்கியதும் கடைக்காரர் சிரித்தார், தக்கை மாதிரி இருந்தது.

இனி அந்த ‘சோலாஸ்’ பெயருக்கு வருவோம். டைட்டானிக் மூழ்கியபின் 1914-இல் உருவான கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கைக்குப் பெயர் சோலாஸ். இன்று நடைமுறையில் இருப்பது 1974-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதன் திருத்தங்களும். அதன்கீழ் வரும் விதித்தொகுப்பு, லைஃப் ஜாக்கெட் விளக்கு எப்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது: வெள்ளை நிறம், குறைந்தது 0.75 கேண்டெலா ஒளி, குறைந்தது 8 மணி நேரம், மின்னும் வகையென்றால் நிமிடத்துக்கு 50 முதல் 70 முறை. இதில் தேர்வான விளக்கில் தயாரிப்பாளர் பெயர், அனுமதி முத்திரை, காலாவதித் தேதி எல்லாம் விளக்கின் உடம்பிலேயே இருக்கும். ஐரோப்பிய அனுமதி பெற்றதென்றால் கப்பல் சக்கரம் மாதிரி ஒரு சின்னமும் பக்கத்தில் எண்ணும் இருக்கும். நான் வாங்கியதில் இருந்தது ‘சோலாஸ்’ என்ற ஸ்டிக்கர் மட்டும், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். நிமிடத்துக்கு நூறைத் தாண்டி மின்னிற்று. போதாததற்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் மாற்றும் வசதி வேறு!

அந்தக் கலர் விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடலில் இரவு நேரத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் பொருள் இருக்கிறது. படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. எதிரே வருபவர் இந்த நிறங்களை வைத்துத்தான் நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கணக்குப் போடுவார். நீங்கள் பச்சையும் நீலமுமாக மாற்றி மாற்றி அடித்தால் அவர் குழம்புவார், அல்லது ஏதோ கல்யாண போட் என்று நினைப்பார்.

மின்னும் ஸ்ட்ரோப் லைட்டையும் சும்மா போகும்போது போட்டுக்கொண்டு போகக் கூடாது. கடலில் மோதலைத் தடுக்க 1972-இல் வந்த சர்வதேச விதிகள், கவனத்தை இழுப்பதற்காக இப்படிப்பட்ட பலமான மின்னல் விளக்குகளைப் பயன்படுத்துவதைத் தவிர்க்கச் சொல்கின்றன. ஆபத்து வந்தால் எடுக்க வேண்டியது அது. துடுப்புப் படகுக்கு அந்த விதிகள் கேட்பது எளிமையானது: வெள்ளை வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சோ விளக்கோ கைக்கெட்டும் இடத்தில் தயாராக இருக்க வேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதுமான நேரம் இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும். எங்களைக் காப்பாற்றியது அந்தப் பழைய டார்ச்தான் என்பதால் இந்த விதியை எழுதியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

விற்றவரிடம் பணம் கேட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் பதில்: ‘வாடிக்கையாளர் தவறாகப் பயன்படுத்தியதால் நீர்ச் சேதம்.’ தண்ணீரில் போடவென்றே விற்ற பொருளுக்கு நீர்ச் சேதம்! உள்ளே ஒயர் இல்லாத படத்தை அனுப்பினேன். ‘பொருளைத் திறந்ததால் வாரண்டி ரத்து’ என்றார்கள். திறக்காமல் எப்படித் தெரியும் என்று கேட்டேன், அதற்கு ஒரு மன்னிப்பு இமோஜி வந்தது. பாதிப் பணம் தருகிறோம், ஐந்து ஸ்டார் போட்டுவிடுங்கள் என்று அடுத்த நாள் ஒருவர் வாட்ஸாப்பில் வந்தார். அந்தப் பக்கத்தில் இருக்கும் நல்ல விமர்சனங்கள் எப்படி வந்திருக்கும் என்று அப்போதுதான் புரிந்தது.

இங்கே உங்களுக்குப் பயன்படக்கூடிய இரண்டு மூன்று விஷயம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் விற்பவரோடு சாட்டில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, தளத்தின் அந்த அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். இறக்குமதிப் பொருளென்றால் பெட்டியில் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். என் பெட்டியில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை அட்டை. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் பேசிப் புகாரைப் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் தளத்திலிருந்து ஒரு மனிதர் போன் செய்தார், முழுப் பணமும் திரும்பி வந்தது. வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

பணம் வந்துவிட்டதே, பிறகு ஏன் இந்தப் பதிவு என்றால், அதே படம், அதே பனிமலை, வேறு கடைப் பெயரில் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை இப்போது 949.

அப்படியானால் என்ன வாங்குவது என்று கேட்பீர்கள். நான் எந்த பிராண்டையும் சொல்லப்போவதில்லை. நல்ல லைஃப் ஜாக்கெட் விளக்கு வேண்டுமென்றால் கப்பல் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், முத்திரையையும் காலாவதித் தேதியையும் கையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ‘ஐபிஎக்ஸ்’ எண்ணில் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரை மட்டும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிட அதிகம், ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத 8-ஐ நம்பாதீர்கள். இந்தச் சோதனைகளும் நல்ல தண்ணீரில் நடப்பவை, உப்பு அரிக்கும் கணக்கு அதில் வராது. அதனால் எந்த லைட் வந்தாலும் ஒரு வாளியில் நிறைய கல்லுப்பைக் கரைத்து, எரியவிட்டு, ராத்திரி முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் திறந்து உள்ளே டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்றே திருப்பி அனுப்பிவிடலாம், சாட்டில் அரட்டை தேவைப்படாது.

மாட்டும் இடமும் முக்கியம். கயாக்கில் மட்டும் விளக்கைக் கட்டினால், புரண்டபின் படகு ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள், வெளிச்சம் படகோடு போய்விடும். ஒன்று உடம்பில், தோளுக்கு மேலே, தண்ணீருக்கு வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். படகில் வைப்பதைக் குச்சியில் கட்டி உங்களுக்குப் பின்னால் தலைக்கு மேல் உயர்த்துங்கள். முன்னால் வைத்தால் உங்கள் கண்ணே கூசும், இருட்டுக்குப் பழகிய பார்வை போனால் திரும்ப வர அரை மணி நேரம் ஆகலாம். துடுப்பின் இரண்டு முனையிலும் ஒளி திருப்பும் டேப் ஒட்டுங்கள். பேட்டரி இல்லை, ஸ்விட்ச் இல்லை, போட்டுக்காரர்களின் லைட் பட்டால் பளிச்சென்று தெரியும்.

‘சன்ரைஸ் கயாக்கிங்’ என்று இருட்டில் கூட்டிப் போகும் சில இடங்களில் கையில் ஒரு கிளோ ஸ்டிக்கை, அதாவது மடக்கினால் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சியை, கொடுத்து அனுப்புகிறார்கள். அது ஃபோட்டோவுக்கு அழகு. வெயிலில் காரில் கிடந்து சூடேறிய குச்சி பாதி உயிர் போனதாகத்தான் இருக்கும். டார்ச் எங்கே என்று கேளுங்கள். முகம் சுளித்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கரையில் நிற்பவரிடம் இரண்டு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள்: கடலோரக் காவல்படை 1554, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. அந்த ஆரஞ்சு லைட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் பித்தளைப் பொட்டை ஒருமுறை நெம்பிப் பாருங்கள். பின்னால் ஒயர் இல்லையென்றால் பில், பெட்டி, படம் மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915-க்கு அடியுங்கள்.