போஸ்ட்பெய்டு எடுக்கப் போறீங்களா? கேஒய்சி (அடையாள சரிபார்ப்பு), கிரெடிட் செக் பத்தி என்னோட ரிவ்யூ

அப்பாவோட ப்ரீபெய்டு நம்பரை வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணி போஸ்ட்பெய்டா மாத்தலாம்னு மதுரைல ஒரு பெரிய கம்பெனியோட ஷோரூமுக்கு அவரை கூட்டிட்டு போயிருந்தேன். கம்பெனி பேரு வேணாம், சிக்னல் பிளான் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சேரும்போது நம்ம அடையாளத்தை எப்படி வாங்குறாங்க, நம்மகிட்ட என்ன சொல்றாங்க, என்ன சொல்லாம விடுறாங்க, அதுக்கு மட்டும்தான் இந்த ரிவ்யூ. 5க்கு 3 குடுப்பேன்.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். ஜெராக்ஸ் தொல்லை சுத்தமா ஒழிஞ்சுது. முன்னாடி பெட்டிக்கடைல கூட ஒரு ஜெராக்ஸும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் குடுத்தா சிம் கைல வந்துரும், ஆனா அந்த ஜெராக்ஸ் யார் கைக்கு போச்சு, அதை வெச்சு இன்னும் எத்தனை சிம் போட்டாங்கன்னு நமக்கு தெரியவே தெரியாது. 2024 ஜனவரி 1ல இருந்து பேப்பர் கேஒய்சியையே டெலிகாம் துறை நிறுத்திட்டாங்க, இப்ப எல்லாம் ஆப்ல தான். இது ரொம்ப நல்ல மாற்றம், மனசார சொல்றேன்.

இனி அப்பா விரல் கதைக்கு வரேன். செல்லூர்ல காலமெல்லாம் தறி நெய்ஞ்ச கை அது, ரேகை எல்லாம் தேஞ்சு போயிருக்கு. ஆதார் ரேகையை சரிபார்க்குற சின்ன மெஷின்ல சிவப்பு லைட் எரியுது, அப்பா கட்டைவிரலை வெக்கிறாரு, எடுக்கல. "ஐயா, விரலை துணில நல்லா தொடச்சுட்டு வைங்க"ன்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுது, தொடச்சு வெக்கிறாரு, அப்பவும் எடுக்கல, "ஆள்காட்டி விரலை வைங்க ஐயா, இன்னொரு தடவை, அழுத்தி". அவரும் சொன்ன சொல்லுக்கு விரலை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டே இருக்காரு, எதுக்கு வெக்கிறோம்னு அவருக்கு தெரியாது, ஸ்கிரீன் முழுக்க அந்த பொண்ணு பக்கம் தான் இருக்கு.

எனக்கு கவலை வர்ற இடமே இதுதான். அந்த பொண்ணு நேர்மையா தான் வேலை பார்த்துச்சு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா "பதியலங்க, இன்னொரு தடவை வைங்க"ன்னு சொல்லி ரெண்டாவது ரேகையை வாங்கி அதுல வேற ஒரு சிம்மை ஆக்டிவேட் பண்ணி மோசடி கும்பலுக்கு வித்த ஏஜென்ட்டுங்க நம்ம நாட்டுல பிடிபட்டிருக்காங்க. ரேகை வெக்கிறது கையெழுத்து போடுறதுக்கு சமம், வெத்து பேப்பர்ல கையெழுத்து போட சொன்னா போடுவோமா? அதனால "தங்கச்சி, ஃபோனை கொஞ்சம் இப்படி திருப்பி காட்டு"ன்னு கேட்டேன், மூஞ்சி சுளிக்காம காட்டுச்சு, உண்மையிலேயே ஃபெயில்னு தான் வந்திருந்துச்சு. கேட்டதால காட்டுனாங்க, கேக்காதவங்களுக்கு யார் காட்டுவா?

ஆதார் தான் வேணும்னு கட்டாயப்படுத்தல, அதுக்கு ஒரு பாராட்டு. போன் நம்பரோட ஆதாரை கட்டாயம் இணைக்கணும்ன்றதை 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு, 2019ல திருத்தின சட்டத்துலயும் நம்ம விருப்பப்பட்டா தான். ரேகை பதியாததால ஆதாரை விட்டுட்டு வோட்டர் ஐடி ஒரிஜினலை குடுத்தோம், அதை போட்டோ எடுத்து, அப்பாவை கண் சிமிட்ட சொல்லி லைவ் போட்டோ எடுத்து, என் நம்பருக்கு ஒரு ஓடிபி வந்துச்சு, முடிஞ்சுது. ரேகை எடுக்காத வயசானவங்களை கூட்டிட்டு போறவங்க வோட்டர் ஐடி, பாஸ்போர்ட்னு ஏதாவது ஒரு ஒரிஜினலை கைல வெச்சுக்கோங்க.

அடுத்தது கிரெடிட் விஷயம், ரெண்டு ஸ்டார் குறைஞ்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான். ப்ரீபெய்டுல காசை முன்னாடியே கட்டிடுறோம், போஸ்ட்பெய்டுன்னா ஒரு மாசம் பேசிட்டு அப்புறம் கட்டுறது, அதாவது கடன். அதனால நம்ம பழைய கடன் கணக்கை பாக்கணும்னு கம்பெனி நினைக்கிறதுல தப்பே இல்ல. ஆனா ஆப்ல வரிசையா வந்த டிக்குகள்ல கிரெடிட் பீரோல (நம்ம கடன் கணக்கை வெச்சிருக்கிற சிபில் மாதிரி நிறுவனம்) இருந்து ரிப்போர்ட் எடுத்துக்க சம்மதம்னு ஒண்ணு இருந்துச்சு, அதை வாய்விட்டு சொல்லவே இல்ல, கேட்டப்ப "அது எல்லாருக்கும் வர்றது தான் சார்"னு பதில். பில் கட்டாம விட்டா அது சிபில் ரிப்போர்ட்ல ஏறலாம், நாளைக்கு வீட்டு லோன் கேக்கும்போது பழைய போன் பாக்கி நிக்கும், இதையும் சொல்லல. ஒரு நிமிஷம் ஆகுமா இதை சொல்ல?

போறதுக்கு முன்னாடி உங்க ரிப்போர்ட்டை நீங்களே பாத்துடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா குடுத்தே ஆகணும், ரிசர்வ் பேங்க் உத்தரவு. தப்பா ஏதாவது இருந்தா புகார் குடுங்க, 30 நாளைக்குள்ள சரி பண்ணலன்னா அப்புறம் நாளுக்கு 100 ரூபா நஷ்டஈடு உண்டு. போஸ்ட்பெய்டு நம்பரை போர்ட் பண்றவங்க பழைய கம்பெனி பாக்கியையும் முடிச்சுட்டு போங்க, பாக்கி இருந்தா ரிக்வெஸ்ட்டையே தள்ளிடுவாங்க.

வீட்டுக்கு வந்ததும் டெலிகாம் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல அப்பா நம்பரை போட்டு ஓடிபி குடுத்து அவர் பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு பார்த்தேன். ஒருத்தருக்கு 9 சிம் வரை தான் அனுமதி, ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்குல 6. நம்மளோடது இல்லாத நம்பர் இருந்தா அங்கயே "என் நம்பர் இல்ல"ன்னு ரிப்போர்ட் பண்ணலாம். 2023ல அரசு கொண்டு வந்ததுலயே சாமானிய ஜனங்களுக்கு ரொம்ப உபயோகமான ஒண்ணு இதுன்னு சொல்வேன், இதுக்கு தனியா 5 ஸ்டார். ஆதார் ரேகை குடுத்து சிம் எடுத்தவங்க, ஆதாரை குடுக்கிற யுஐடிஏஐ தளத்துல ஆதென்டிகேஷன் ஹிஸ்டரியையும் பாருங்க, எந்த தேதில எந்த நிறுவனம் உங்க ஆதாரை சரிபார்த்துச்சுன்னு கடைசி 6 மாச கணக்கு அதுல இருக்கும். வேலை முடிஞ்சா எம்ஆதார் ஆப்ல பயோமெட்ரிக்கை லாக் பண்ணிடுங்க.

ஏமாத்தி சிம் வாங்குறவனுக்கு 2023 டெலிகாம் சட்டத்துல 3 வருஷம் வரை ஜெயில், 50 லட்சம் வரை அபராதம்னு இருக்கு. சட்டம் இருக்கட்டும், கவுண்டர்ல கஸ்டமர் பக்கம் பாத்த மாதிரி ஒரு ஸ்கிரீன் வைங்க, ஒவ்வொரு ரேகைக்கும் இது எதுக்குன்னு தமிழ்ல காட்டுங்க. அதை செஞ்சா அடுத்த தடவை அம்மா நம்பரையும் இதே ஷோரூம்ல தான் மாத்துவேன்.