நான்கு வருடமாக என் ரைஃபிளில் இருக்கும் சிவப்புப் புள்ளி

போன வாரம் டாலஸில் இருக்கும் நண்பன் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே ரெட் டாட் சைட் (துப்பாக்கி மேல் மாட்டி, சிவப்பு ஒளிப்புள்ளியை வைத்துக் குறி பார்க்கும் கருவி), தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடியில் எண்பது டாலர் குறைந்திருக்கிறது. "மச்சான், நீ நாலு வருஷமா வச்சிருக்கியே, வாங்கலாமா?" என்று ஒரே வரி. இரண்டு நாள் எனக்குப் பதில் எழுத வரவில்லை. வாங்கு என்று எழுதி அழித்தேன். வேண்டாம் என்று எழுதியும் அழித்தேன். அவன் கேட்டது ஒரு வரி, என்னிடம் இருப்பது நான்கு வருடக் கதை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வரும் குறை ஒரு கம்பெனியோடு நிற்பதும் இல்லை.

என்னிடம் இருப்பது ரூகர் 10/22. 1964-இல் வந்த ரைஃபிள், இன்றும் அமெரிக்காவில் .22 (சிறிய ரகத் தோட்டா) என்றால் பலர் முதலில் வாங்குவது இதைத்தான். ஹூஸ்டன் பக்கம் மாதம் ஒரு ஞாயிறு ஸ்டீல் சேலஞ்ச் போட்டி நடக்கும், அதற்கு இதை எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு ஸ்டேஜிலும் ஐந்து இரும்புத் தட்டுகள், எத்தனை வினாடியில் அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியை வைத்துத்தான் முதல் வருடம் ஓட்டினேன். ஆனால் எனக்கு நாற்பத்தாறு வயது, வெள்ளெழுத்து வந்துவிட்டது. பின்னால் இருக்கும் பிளவு, முன்னால் இருக்கும் மணி, தூரத்தில் தட்டு என்று மூன்று இடத்தைக் கண் பார்க்க வேண்டும். முன் மணியே மங்கலாகத் தெரிந்தால் என்ன செய்வது? அப்படித்தான் ரெட் டாட்டுக்கு வந்தேன்.

மாட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் குறையே இல்லை. மேகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, தோட்டா அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். ரிசீவர் (துப்பாக்கியின் நடு உடல்) மேல், சைட்டை மாட்டும் ரெயிலைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் மிகச் சிறியவை. அலுமினியத்தில் போய் உட்காருபவை, பலமாக முறுக்கினால் மரை போய்விடும். டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முறுக்கி, நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு, ஸ்க்ரூ தலைக்கும் ரெயிலுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டேன். கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். நான்கு வருடத்தில் அந்தக் கோடு ஒரு மயிரிழை கூட விலகவில்லை.

ஜீரோ செய்வதில், அதாவது குண்டு விழும் இடத்தோடு புள்ளியைப் பொருத்துவதில், மட்டும் ஒரு சங்கடம். 10/22-இல் ரிசீவரின் பின்புறம் மூடியிருக்கும். பிரித்துப் போடாமல் பின்னாலிருந்து பேரல் வழியே பார்த்து, உத்தேசமாகப் புள்ளியைச் சேர்த்துக்கொள்ள முடியாது. அதனால் 25 கெஜத்தில் பெரிய காகிதமாக ஒட்டி, துப்பாக்கியை மணல் பையில் வைத்து ஐந்து குண்டு சுட்டேன். ஐந்தும் நடுவிலிருந்து மூன்று அங்குலம் கீழே, இரண்டு அங்குலம் இடது. என்னுடையதில் திருகின் ஒரு க்ளிக் என்றால் ஒரு எம்.ஓ.ஏ. (கோண அளவு, ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு); 100 கெஜத்தில் ஏறக்குறைய ஒரு அங்குலம், 25 கெஜத்தில் கால் அங்குலம். ஆக, மேலே பன்னிரண்டு க்ளிக், வலது எட்டு. அடுத்த ஐந்தும் நடுவில் வந்து விழுந்தன. அப்புறம் 50 கெஜத்துக்குப் போய் இரண்டு க்ளிக் திருத்தியதோடு சரி. புதிதாகச் செய்பவர்கள் ஒவ்வொரு குண்டுக்கும் திருகிக்கொண்டே இருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். போட்டியில் எந்தத் தோட்டாவோ, ஜீரோவும் அதே தோட்டாவில் செய்யுங்கள். என் தோட்டா சி.சி.ஐ. மினி மேக் 40 கிரெய்ன் (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு), அதிலிருந்து மாறுவதே இல்லை.

முதல் போட்டி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரண்டு கண்ணையும் திறந்தபடி தட்டைப் பார்க்கிறேன், துப்பாக்கி தோளுக்கு வருகிறது, சிவப்புப் புள்ளி தானாக வந்து தட்டின் மேல் உட்காருகிறது. எதையும் எதோடும் சேர்க்க வேண்டியதில்லை. பின்னால் ஒரு சிறு எல்.இ.டி., முன்னால் அதன் ஒளியை இணைக்கதிராகத் திருப்பி அனுப்பும் வளைந்த கண்ணாடி, அவ்வளவுதான் கருவி. புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தெரியாது, தட்டு இருக்கும் தூரத்திலேயே தெரியும். லேசர் போல தட்டின் மேல் எந்த வெளிச்சமும் விழுவதில்லை. டப்ளினில் டெலஸ்கோப் செய்துகொண்டிருந்த ஹோவர்ட் கிரப் 1900-இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை கோரினார். அதில் எல்.இ.டி.யை வைத்து 1975-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட். டிங், டிங், டிங் என்று ஐந்து தட்டிலும் குண்டு பட்ட சத்தத்தில் நான் சின்னப் பையனைப் போல் சந்தோஷப்பட்டேன். வெள்ளெழுத்து வந்தவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது.

உறுதியையும் சொல்ல வேண்டும். ஒரு முறை வண்டியின் பின்கதவிலிருந்து பெட்டியோடு சிமென்ட் தரையில் விழுந்தது. போய்ச் சுட்டுப் பார்த்தேன், ஜீரோ அப்படியே இருந்தது. ஆகஸ்ட் வெயிலையும் தாங்கியது, மழையையும் தாங்கியது. பேட்டரி சி.ஆர். 2032; பக்கவாட்டில் சிறு தட்டு, அதை இழுத்து மாற்றலாம். சைட்டையே கழற்றி பேட்டரி மாற்றும் வகைகளும் உண்டு, அந்தத் தொல்லை இதில் இல்லை. 50,000 மணி நேரம் வரும் என்று போட்டிருந்தாலும் நான் வருடா வருடம் பொங்கலன்று புதிது போட்டுவிடுவேன்.

இவ்வளவும் நல்லது. இனி அந்தப் புள்ளிக்கு வருகிறேன்.

அது வட்டமாக இல்லை. என் கண்ணுக்கு ஒரு நாளும் வட்டமாகத் தெரிந்ததில்லை. கோலப் புள்ளியை யாரோ ஈர விரலால் இடது கீழாக இழுத்துவிட்ட மாதிரி, தலை தடித்து வால் நீண்ட ஒரு கமா. வெளிச்சத்தைக் கூட்டினால் கமாவின் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கமா முளைக்கும். இரண்டு எம்.ஓ.ஏ. புள்ளி என்று காசு கொடுத்து வாங்கினேன், எனக்குத் தெரிவது அதைப்போல மூன்று மடங்கு.

முதலில் கருவிதான் பழுது என்று நினைத்தேன். கோபமாகக் கடிதம் எழுதி, கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். மூன்று வாரத்தில் புதிது வந்தது. அதிலும் அதே கமா. கூடவே ஒரு சீட்டு, கண் மருத்துவரைப் பாருங்கள் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. அன்று ராத்திரி சைட்டை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய், போன் கேமராவை அதன் பின்னால் வைத்துப் படம் எடுத்தேன். படத்தில் புள்ளி ஊசி முனையாக, உருண்டையாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வட்டமாத்தானே இருக்கு?" என்றாள். சரி என்று கடைசியாக ஒன்று செய்து பார்த்தேன். சைட்டை அசைக்காமல் தலையை மட்டும் சாய்த்தேன். கமாவின் வாலும் கூடவே சாய்ந்தது. அப்புறம் தலையை நேராக வைத்துக்கொண்டு சைட்டை மட்டும் சாய்த்தேன். வால் நகரவில்லை. கோளாறு கருவியில் இருந்தால் கருவியோடு திரும்பியிருக்கும். அது என் தலையோடு திரும்பியது.

என் வலது கண்ணில் சிலிண்டர் பவர் (அஸ்டிக்மேடிசம் என்ற கண் குறையைச் சரிசெய்யும் எண்) 1.25 மைனஸ். கருவிழியின் முன்பகுதி பந்து மாதிரி ஒரே வளைவாக இல்லாமல் ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருக்கிறது. அதனால் ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி ஒரே இடத்தில் குவியாமல் நீண்டுவிடுகிறது. இரவில் தெருவிளக்குகளைச் சுற்றிக் கோடு கோடாகத் தெரிந்ததும் இதனால்தான். பெரிய பொருளைப் பார்க்கும்போது இது அவ்வளவாக உறுத்தாது. மங்கலான பின்னணியில் சின்னதாகப் பளிச்சென்று எரியும் ஒரு ஒளிப்புள்ளியில்தான் முழுசாகக் காட்டிக்கொடுக்கும். ரெட் டாட் என்பதே அப்படி ஒரு ஒளிப்புள்ளி. கருவி மேல் தப்பில்லை, அந்தச் சீட்டில் எழுதியவர் சொன்னதும் சரி. ஆனால் இத்தனை பேருக்கு இருக்கும் ஒரு கண் குறையை, பெட்டியின் மேல் இரண்டு வரி அச்சடித்துச் சொன்னால் என்ன? விற்ற கடைக்காரர் என் முகத்தில் கண்ணாடி இருப்பதைப் பார்த்துக்கொண்டேதானே விற்றார்? கண்ணில் சிலிண்டர் பவர் உண்டா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பவர் கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதுவரை ரேஞ்சில் என் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு பவர் கண்ணாடியோடு, அதன் மேலே பாதுகாப்புக் கண்ணாடி. நேராக உட்கார்ந்து சைட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் புள்ளி கிட்டத்தட்ட வட்டம். கன்னத்தை ஸ்டாக்கில் (தோளில் வைக்கும் கட்டையில்) வைத்தவுடன் கமா திரும்ப வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. ஸ்டாக்கில் கன்னம் வைக்கும்போது தலை முன்னால் குனிகிறது, முகம் கொஞ்சம் திரும்புகிறது. கண் பார்ப்பது லென்ஸின் நடுவால் அல்ல, மூக்கை ஒட்டிய மேல் மூலையால். பவர் சரியாக இருப்பது நடுவில். என்னுடையது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்த புரொக்ரெசிவ் லென்ஸ் வேறு, ஓரங்களில் இன்னும் மோசம்.

அதனால் சைட்டை உயர்த்த ஒரு ரைசர் வாங்கினேன். தலை நிமிர்ந்தது, லென்ஸின் நடுவால் பார்க்க முடிந்தது, கமாவின் வால் பாதியாகக் குறைந்தது. ஆனால் 10/22 ஸ்டாக்கின் மேல்பகுதி தாழ்வானது. இப்போது கன்னம் படுவதே இல்லை, தாடைதான் படுகிறது. அதோடு பேரலுக்கும் சைட்டுக்கும் இடையே ஒன்றரை அங்குலமாக இருந்த உயரம் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. 50 கெஜத்தில் ஜீரோ வைத்தால், முன்பு 10 கெஜத்தில் முக்கால் அங்குலம் கீழே விழுந்த குண்டு இப்போது ஒன்றேகால் அங்குலத்துக்கும் கீழே விழுகிறது. 10 அங்குலத் தட்டுக்கு அது பெரிய விஷயமில்லைதான். ஆனால் ஒரு புள்ளியை வட்டமாகப் பார்ப்பதற்கு நான் துப்பாக்கி பிடிக்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது, அதுதான் உறுத்துகிறது.

போட்டியில் இதனால் நஷ்டமா என்றால், நேர்மையாகச் சொல்கிறேன், இல்லை. ஸ்மோக் அண்ட் ஹோப் ஸ்டேஜில் ஐந்தில் நான்கு 18-க்கு 24 அங்குலப் பெரிய தட்டுகள்; அதன் மேல் கமா விழுந்தாலும் வட்டம் விழுந்தாலும் டிங் என்ற சத்தம் ஒன்றுதான். என் நேரம் இரும்புக் குறியை விட எல்லா ஸ்டேஜிலும் நன்றாகவே குறைந்திருக்கிறது. காகிதத்தில் 50 கெஜம் போகும்போதுதான் வலி. கமாவின் தலையை நடுவில் வைப்பதா, வாலையும் சேர்த்து நடுவா? ஒவ்வொரு முறையும் கண் ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இரவல் வாங்கிய ஸ்கோப்பில் (பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கியில்) ஒரு அங்குலத்துக்குள் விழும் ஐந்து குண்டுகள் இதில் மூன்று அங்குலம் பரவுகின்றன. நான் நிற்பது ரேஞ்சின் கூரை நிழலில், தட்டு நிற்பது டெக்சஸ் வெயிலில். புள்ளி தெரிய வேண்டுமானால் வெளிச்சத்தைக் கூட்டியே ஆக வேண்டும், கூட்டினால் வால் வளர்கிறது. மேகமூட்டமான நாளில் இரண்டு படி குறைத்தால் ஏறக்குறைய வட்டம். அப்படிப்பட்ட நாட்களில் இந்தக் கருவியை நான் கொண்டாடியிருக்கிறேன்.

கூடப் போட்டியிடும் ஒருவரின் பிரிசம் சைட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் குறி கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. நம் கண்ணுக்கேற்பத் திருகிக்கொள்ள பின்னால் ஒரு வளையமும் உண்டு. எனக்குக் கூர்மையாகத் தெரிந்தது, பேட்டரி இல்லாமலே கறுப்பாகத் தெரிந்தது. ஆனால் கண் சரியான இடத்தில் இருந்தால்தான் படம் முழுசாக வரும், கொஞ்சம் விலகினால் இருட்டு. ஐந்து தட்டுக்கும் துப்பாக்கியை வீசித் திருப்பும் வேகத்துக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், வாங்காதே. எண்பது டாலர் என்ன, நூற்றைம்பது குறைத்தாலும் இப்போதைக்கு வாங்காதே. உனக்கும் கல்லூரியிலிருந்தே கண்ணாடி. என்னுடையது ரைஃபிளிலேயே இருக்கும், நான் கழற்றப் போவதில்லை, வரும் ஞாயிறு போட்டிக்கும் இதேதான். ஆனால் நான்கு வருடம் நான் பட்ட எரிச்சலை உனக்கு வாங்கிக்கொடுக்க எனக்கு மனசில்லை.

சனிக்கிழமை காலையில் கிளம்பி வா, மதியம் ரேஞ்சுக்குப் போகலாம். நீ தினமும் போடும் கண்ணாடியையே போட்டுக்கொண்டு வா, மருத்துவச் சீட்டையும் எடுத்துவா, அதில் சிலிண்டர் என்று போட்ட இடத்தில் என்ன எண் என்று பார்க்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டில் குண்டூசியால் துளை போட்டு வைத்திருக்கிறேன். முதலில் வெறும் கண்ணால் புள்ளியைப் பார், அப்புறம் அந்தத் துளை வழியே பார். துளையில் வட்டமாகவும் வெறும் கண்ணில் கமாவாகவும் தெரிந்தால் உனக்கும் என் கதைதான். இரண்டிலும் வட்டமாகத் தெரிந்தால் அங்கேயே நின்று போனில் ஆர்டர் போடு, தள்ளுபடி திங்கள் வரைக்கும் இருக்கிறது.